அமெரிக்காவில் நர்ஸ் ஆக: தனியார் நர்சிங் பள்ளியா, கம்யூனிட்டி காலேஜா?

ஃப்ரீமாண்டிலும் எடிசனிலும் டல்லாஸ் பக்கத்திலும் பல தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் பி.இ.யோ பி.எஸ்சி.யோ முடித்து, கணவரின் விசாவில் வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நர்சிங் படிக்க நினைப்பவர்கள் உண்டு. இங்கேயே ஹைஸ்கூல் முடித்த பிள்ளைகளும் உண்டு. தனியார் பள்ளிக்கு ஃபோன் போட்டால், "அடுத்த பேட்ச் எட்டு வாரத்தில், வெயிட்லிஸ்ட் கிடையாது" என்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் (அரசு நடத்தும் இரண்டாண்டுக் கல்லூரி) கேட்டால், "முதலில் அனாடமி முடியுங்கள், அப்புறம் விண்ணப்பம்" என்கிறார்கள். முதலாவதில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகலாம். இரண்டாவதில் ஒரு பழைய கார் வாங்கும் பணம் போதும். இரண்டு பக்கத்திலிருந்து வருபவர்களும் கடைசியில் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என். என்ற லைசன்ஸ் தேர்வுதான். வாங்குவதும் ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசன்ஸ்தான்.

ஊரிலேயே பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்தவர்கள் இந்த இரண்டில் எதிலும் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். வெளிநாட்டு நர்ஸ்களின் சான்றிதழ்களை மதிப்பிடும் சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போதைய பெயர் ட்ரூமெரிட்) வழியாகவோ, உங்கள் மாநில நர்சிங் போர்டு சொல்லும் வழியிலோ முதலில் சான்றிதழ் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். சில மாநிலங்களில் நேராகவே தேர்வு எழுதலாம். கலிஃபோர்னியா மட்டும் வகுப்புப் பாடமும் வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்ததா என்று துருவிப் பார்க்கும். குறை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். அதற்காக மொத்தப் படிப்பையும் மறுபடி வாங்குவது வீண் செலவு.

## எதை வைத்து ஒப்பிடுவது

பள்ளிகள் "24 மாதப் படிப்பு", "36 மாதப் படிப்பு" என்று விளம்பரம் செய்யும். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை இவை:

- இன்றிலிருந்து லைசன்ஸ் கைக்கு வரும் நாள் வரை மொத்தம் எத்தனை மாதம். ப்ரீரெக்விசிட் (சேருவதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்), விண்ணப்பம், காத்திருப்பு, என்கிளெக்ஸ் எல்லாம் சேர்த்து.
- அந்த நாளில் உங்கள் தலையில் எவ்வளவு கடன். ட்யூஷன் எவ்வளவு என்பது வேறு கணக்கு.
- சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.
- அந்தப் பட்டமும் கிரெடிட்டும் (முடித்த பாடங்களின் கணக்கு) வேறு பல்கலைக்கழகத்தில் செல்லுமா.
- உங்கள் விசாவில் படித்து முடித்ததும் வேலை பார்க்க முடியுமா.

கடைசிக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. நம்மவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

## கம்யூனிட்டி காலேஜ்

கிடைப்பது ஏ.டி.என். என்ற இரண்டாண்டுப் பட்டம். கலிஃபோர்னியாவில் மாநில வாசிக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவு) 46 டாலர். ப்ரீரெக்விசிட்டும் நர்சிங் பாடமும் சேர்ந்து 70 முதல் 80 யூனிட் என்றால் ட்யூஷன் 4,000 டாலரைத் தாண்டாது. புத்தகம், ஆன்லைன் தேர்வுத் தொகுப்பு, சீருடை, ஸ்டெதஸ்கோப், தடுப்பூசி வேலை செய்ததா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை, பின்னணிச் சோதனை, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ், லைசன்ஸ் ஃபீஸ், 200 டாலர் என்கிளெக்ஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டும். 10,000 முதல் 12,000 டாலர் வரை ஒதுக்கி வைத்தால் திணறல் இருக்காது. நியூ ஜெர்சியில் கவுண்ட்டி காலேஜ் என்பார்கள். சொந்த கவுண்ட்டிக்காரருக்கு ஒரு கட்டணம், வெளி கவுண்ட்டிக்காரருக்கு அதைவிடக் கூடுதல்.

இங்கே பணம் குறைவு, நாள் அதிகம். அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று தெரிந்தால் பாதியைச் சுருக்கிவிடலாம்.

அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபுடன் தேவை. பல காலேஜ்களில் அனாடமி முடிக்காமல் ஃபிசியாலஜி எடுக்க முடியாது. அதற்கும் முன்னால் ஒரு பயாலஜியோ கெமிஸ்ட்ரியோ கேட்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் மூன்று செமஸ்டர் ஓடிவிடும். லேப் இருக்கைகள் பதிவு திறந்ததுமே நிரம்பும். புதிய மாணவருக்குக் கடைசி வரிசைதான். அதனால் ஒரே காலேஜையே நம்பியிருக்க வேண்டாம். பக்கத்து மாவட்டத்தில் அனாடமி, இன்னொன்றில் மைக்ரோ என்று எடுத்து முடிக்கலாம். கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எந்த மாநிலப் பல்கலைக்கழகப் பாடத்துக்குச் சமம் என்று அசிஸ்ட் இணையதளத்தில் பார்க்கலாம்; ஒரு காலேஜின் பாடத்தை இன்னொரு காலேஜ் ஏற்குமா என்பதைச் சேரப்போகும் காலேஜின் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் படித்த உயிரியல் பாடங்களைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். ஆனால் பட்டத்தை முறையாக மதிப்பீடு செய்து கொடுத்தால் பொதுப் பாடங்கள் பல கழிந்துவிடும். எதை ஏற்பார்கள் என்று கேட்டபிறகு மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

அறிவியல் பாடங்களுக்கு வயதும் உண்டு. ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு மேல் பழையதென்றால் மறுபடி எடுக்கச் சொல்லும் காலேஜ்கள் பல. குழந்தை பிறப்புக்கு இடைவெளி விட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேர்க்கை மூன்று விதமாக நடக்கிறது: குலுக்கல், காத்திருப்பு வரிசை, புள்ளி முறை. கலிஃபோர்னியாவில் புள்ளி முறை வைத்திருக்கும் காலேஜ்கள் மதிப்பெண், டீஸ் நுழைவுத் தேர்வு (பெரும்பாலும் 62 சதவீதம் தாண்ட வேண்டும்), ஏற்கெனவே உள்ள பட்டம், சி.என்.ஏ. (நர்ஸ் உதவியாளர்) போன்ற வேலை அனுபவம் இவற்றுக்குப் புள்ளி தருகின்றன. ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி தெரிவதற்கும் புள்ளி உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் இருக்கின்றன. தமிழ் தெரிவதற்கு இங்கே மதிப்பு இருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனிக்காமலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். மொழித்திறனுக்கு என்ன ஆதாரம் என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும். விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே கேட்டுத் தயார் செய்யுங்கள்.

அனாடமியில் 'பி' வாங்கிவிட்டு மூன்று முறை நிராகரிக்கப்படுவதைவிட, ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு கனமான அறிவியல் பாடம் எடுத்து 'ஏ' வாங்குவது வேகமான வழி. குலுக்கல் முறையில் இந்தக் கவலை குறைவு. ஆனால் நாள் நம் கையில் இல்லை. நான்கைந்து காலேஜுக்கு விண்ணப்பிப்பதுதான் அதற்கு மருந்து.

ஏ.டி.என். பட்டத்துக்கு வேலை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் இடத்தைப் பொறுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் நியூயார்க் நகரத்திலும் பெரிய போதனா மருத்துவமனைகள் புதிய நர்ஸ்களில் பி.எஸ்.என். (நான்காண்டு நர்சிங் பட்டம்) உள்ளவர்களையே தேடுகின்றன. மற்றவர்களுக்கு முதல் வேலை முதியோர் பராமரிப்பு இல்லம், டயாலிசிஸ் மையம், சிறு மருத்துவமனை என்று தொடங்கும். நியூயார்க்கில் 2017இல் வந்த சட்டப்படி, லைசன்ஸ் வாங்கிய பத்து ஆண்டுக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். ஆகவே ஏ.டி.என்.னோடு நின்றுவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். முடிக்க ஓராண்டு, சுமார் 10,000 டாலர் என்று இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பல மருத்துவமனைகள் இந்தக் கட்டணத்தை ஏற்கின்றன. ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரியும் இல்லை. ஏ.டி.என். படிக்கும்போதே கோடை விடுமுறையில் பி.எஸ்.என். பாடங்களை எடுக்க மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் காலேஜ் கிடைத்தால் அதை விடாதீர்கள். வேலை விண்ணப்பத்தில் "பி.எஸ்.என். படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுத முடிவதே பல கதவுகளைத் திறக்கும்.

## தனியார் நர்சிங் பள்ளி

"தனியார்" என்ற சொல்லுக்குள் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, லாப நோக்கமற்ற பல்கலைக்கழகங்கள். இன்னொன்று, லாபத்துக்கு நடக்கும் பள்ளிகள். இரண்டிலும் மொத்தக் கட்டணம் 60,000 முதல் 1,50,000 டாலர் வரை போகலாம். ஆனால் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் வருகின்றன.

நல்ல பக்கம் உண்மையானது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சேர்க்கை, விடுமுறையின்றித் தொடர் படிப்பு, ப்ரீரெக்விசிட்டும் உள்ளேயே அடக்கம், பல பள்ளிகளில் நேராக பி.எஸ்.என். இருக்கை தேடி அலைய வேண்டாம். இரண்டு ஆண்டு குலுக்கலில் தோற்றவருக்கு இதன் அருமை தெரியும்.

கெடுவது எங்கே?

முதலில் கிரெடிட். மாநில நர்சிங் போர்டு அனுமதி இருந்தால் தேர்வு எழுதலாம், அவ்வளவுதான். ஏ.சி.இ.என்., சி.சி.என்.இ., அல்லது என்.எல்.என். சி.என்.இ.ஏ. அங்கீகாரம் நர்சிங் துறைக்கு இருக்க வேண்டும். அதில்லாத பட்டத்தை மேற்படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் எடுப்பதில்லை, சில மருத்துவமனைகளும் எடுப்பதில்லை. இது போக, பள்ளி நிறுவனத்துக்கே உள்ள அங்கீகாரம் வேறு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ள வகை அங்கீகாரம் இல்லாத பள்ளியில் எடுத்த அனாடமியை வேறெங்கும் ஏற்காமல் போகலாம். நடுவில் விலகினால் பணம் போகும், பாடமும் போகும், மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

அடுத்தது தேர்ச்சி விகிதம். "எங்கள் என்கிளெக்ஸ் தேர்ச்சி 95 சதவீதம்" என்ற பலகைக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருக்கலாம். கடைசி செமஸ்டரில் ஒரு வெளியேறும் தேர்வு வைப்பார்கள். ஏ.டி.ஐ. அல்லது ஹெஸி நிறுவனத்தின் தேர்வாக இருக்கும். அதில் குறிப்பிட்ட மதிப்பெண் வராதவரைப் பட்டம் தராமல் நிறுத்திவைப்பார்கள். நிறுத்தப்பட்டவர் விகிதத்தில் வரவேமாட்டார், அவருடைய கடன் மட்டும் ஓடும். 100 பேர் சேர்ந்து 55 பேர் முடித்து, அதில் 52 பேர் தேறினால் விகிதம் 95 சதவீதம்தான். சேர்ந்தவர் கணக்கில் அது 52. இது சில கம்யூனிட்டி காலேஜ்களிலும் நடக்கிறது. ஆனால் அங்கே வெளியே தள்ளப்பட்டவர் இழப்பது சில ஆயிரம்.

மூன்றாவது, மறுபடி எடுக்கும் பாடத்தின் விலை. நர்சிங்கில் தேர்ச்சி மதிப்பெண் பொதுவாக 75க்கு மேல். 74.6 வந்தாலும் தோல்வி என்று கணக்கிடும் பள்ளிகள் உண்டு. இரண்டு பாடத்தில் தோற்றால் பெரும்பாலான பள்ளிகள் வெளியே அனுப்பிவிடும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுக்க கம்யூனிட்டி காலேஜில் சில நூறு டாலர். தனியாரில் பல ஆயிரம், கூடவே ஒரு பருவம் தாமதம்.

நான்காவது, பயிற்சி மருத்துவமனை. எங்கே கிளினிக்கல் (மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி) என்று கேளுங்கள். "ஏற்பாடு செய்வோம்" என்ற பதில் போதாது. ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பெயர், பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும் எங்கே, எத்தனை மணி நேரம் நேரடி, எத்தனை மணி நேரம் சிமுலேஷன் (பொம்மை நோயாளியிடம் பயிற்சி) என்று எழுத்தில் வாங்குங்கள். காலை 6:45க்கு 60 மைல் தள்ளி நிற்க வேண்டுமென்றால் குழந்தையை யார் பள்ளியில் விடுவது என்பதும் செலவுக் கணக்குதான்.

ஐந்தாவது, பள்ளியே மூடப்படுவது. 2015இல் கொரிந்தியன் காலேஜஸ், 2016இல் ஐ.டி.டி. டெக் என்று பெரிய லாப நோக்கு நிறுவனங்கள் ஒரேயடியாக மூடப்பட்டன. அப்படி மூடும்போது படித்துக்கொண்டிருந்தவர்களின் ஃபெடரல் கடனைத் தள்ளுபடி செய்ய வழி உண்டு. தனியார் வங்கிக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"வகுப்பே வேண்டாம், பணம் கட்டினால் சான்றிதழ்" என்று யாராவது சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் சில பள்ளிகள் 7,000க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்களை விற்றதை 2023 ஜனவரியில் ஃபெடரல் அரசு அம்பலப்படுத்தியது. வாங்கியவர்களின் லைசன்ஸ்களை மாநிலங்கள் தேடிப் பறித்தன.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | கம்யூனிட்டி காலேஜ் | தனியார் பள்ளி |
|---|---|---|
| மொத்தச் செலவு | 10,000–12,000 டாலர், பி.எஸ்.என். சேர்த்தால் சுமார் 22,000 | 60,000–1,50,000 டாலர், வட்டி தனி |
| இன்றிலிருந்து லைசன்ஸ் வரை | 3½–5 ஆண்டு | 2–3½ ஆண்டு |
| சேர்க்கை | குலுக்கல், வரிசை அல்லது புள்ளி | எளிது, ஆண்டுக்குப் பல முறை |
| பட்டம் | ஏ.டி.என். | பள்ளியைப் பொறுத்து ஏ.டி.என். அல்லது பி.எஸ்.என். |
| நடுவில் நின்றால் | இழப்பு சிறிது, பாடங்கள் செல்லும் | இழப்பு பெரிது, பாடங்கள் செல்லாமல் போகலாம் |

ஒரு லட்சம் கொடுத்தும் ஏ.டி.என். மட்டுமே தரும் தனியார் பள்ளிக்கு நாங்கள் எந்த நியாயமும் காணவில்லை. பணம் கொடுப்பதென்றால் பி.எஸ்.என். வரட்டும்.

## வேகத்தின் விலையைக் கணக்கிடும் முறை

தனியார் பள்ளி விற்பது வேகம். அதை விலை போட்டுப் பார்க்கலாம்: கூடுதல் செலவை, நர்ஸாகக் கையில் வரும் மாதச் சம்பளத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்தான், தனியார் பள்ளி உங்களுக்கு மிச்சப்படுத்தியாக வேண்டிய மாதங்கள்.

தனியார் பி.எஸ்.என். 1,20,000 டாலர், கம்யூனிட்டி காலேஜ் வழி பி.எஸ்.என். 22,000 என்று வைப்போம். கூடுதல் 98,000. வரி போக மாதம் 5,000 வரும் ஊரில், 98,000 ÷ 5,000 = சுமார் 20 மாதம். கையில் காசு இருந்து, 20 மாதத்துக்கு மேல் முன்னதாக லைசன்ஸ் வருமென்றால் தனியார் பள்ளி லாபம்.

கடன் என்றால் கணக்கு மாறும். 1,20,000 டாலரை 8 சதவீத வட்டியில் பத்து ஆண்டு அடைத்தால் மாதம் சுமார் 1,456. மொத்தம் 1,74,700 டாலருக்கு மேல் கட்டுவீர்கள். வட்டி மட்டும் 54,700. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதற்கு மேல். இப்போது கூடுதல் 1,52,700, மிச்சமாக வேண்டியது 30 மாதத்துக்கு மேல். மேலே உள்ள அட்டவணைப்படி இடைவெளி 18 மாதம் அளவு, ஆளைப் பொறுத்து 15 முதல் 24 மாதம் வரை. ஆகவே கடன் வாங்கிச் சேர்பவருக்கு எண் இடிக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி போல மாதம் 7,000 கையில் வரும் இடமென்றால் ரொக்கத்துக்கு 14, கடனுக்கு 22 மாதம். அங்கே மட்டும் தனியார் பள்ளிக்கு வாதம் வலுக்கிறது. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள்.

ஃபெடரல் கடன் முழுவதையும் தாங்காது. திருமணமானவர் தனித்த மாணவராகக் கணக்கிடப்பட்டாலும், இளநிலைப் படிப்புக்கு மொத்த வரம்பு 57,500 டாலர். மிச்சம் தனியார் வங்கியிடம்தான் போகும். பெல் கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத ஃபெடரல் உதவித்தொகை) கிடைக்கும் என்று பள்ளிப் பிரதிநிதி சொல்லலாம். ஏற்கெனவே இளநிலைப் பட்டம் வாங்கியவருக்கு, அது சென்னையில் வாங்கியதாக இருந்தாலும், பெல் கிராண்ட் கிடையாது. உங்கள் பி.இ.யை மறைத்து விண்ணப்பிக்கச் சொன்னால் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வாருங்கள்.

## விசா

எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா) படிக்கலாம், கிளினிக்கலும் பாடத்தின் பகுதி என்பதால் தடையில்லை. வேலை பார்க்க இ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) வேண்டும். 2015 முதல் உள்ள விதிப்படி, பொதுவாகக் கணவருக்கு (அல்லது மனைவிக்கு) ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகியிருந்தால்தான் அது கிடைக்கும். ஆர்.என். வேலைக்கு எச்-1பி கிடைப்பது மிக அரிது, ஏனென்றால் அந்த வேலைக்கு இளநிலைப் பட்டம் கட்டாயம் என்று காட்ட முடிவதில்லை. எனவே இ.ஏ.டி. வராத எச்-4காரர் ஒரு லட்சம் கொடுத்து வேகத்தை வாங்கினால், லைசன்ஸை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார நேரும். மேலே உள்ள வகுத்தலில் மாதச் சம்பளம் பூஜ்யம். இவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றே வழி. ஐ-140க்குக் காத்திருக்கும் காலமும் ப்ரீரெக்விசிட் காலமும் ஒன்றாகவே ஓடும்.

ஃபெடரல் உதவி எச்-4க்கு இல்லை. தனியார் கடனுக்கும் பெரும்பாலும் கிரீன் கார்டு அல்லது குடியுரிமை உள்ளவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் எச்-4 உள்ளவர் வசிப்புச் சான்று காட்டி மாநில வாசிக் கட்டணம் பெறலாம். எஃப்-1 (மாணவர் விசா) உள்ளவருக்கு அது முடியாது. அவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜிலும் வெளிநாட்டவர் கட்டணம்தான், ஆகவே இடைவெளி குறைகிறது. எச்-4இல் வளர்ந்த பிள்ளைக்கு 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும். எந்தச் செமஸ்டரில் அது வருகிறது என்று பார்த்துத் திட்டமிடுங்கள்.

## யாருக்கு எது

பெரும்பாலானவருக்குக் கம்யூனிட்டி காலேஜ். கிரீன் கார்டு அல்லது குடியுரிமை கையில் உள்ள, அறிவியல் பாடங்களை ஏற்கெனவே கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்ட, இரண்டு மூன்று முறை இடம் கிடைக்காத, 40 வயதை நெருங்கும் ஒருவருக்கு, லாப நோக்கமற்ற பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.என். நியாயமான செலவு. வயது ஏற ஏறச் சம்பாதிக்கும் ஆண்டுகள் குறைவதால் ஒவ்வொரு மாதத்துக்கும் எடை கூடும்.

ஏற்கெனவே பட்டம் உள்ளவர்கள் மூன்றாவது வழியையும் பாருங்கள்: மாநிலப் பல்கலைக்கழகங்களின் துரித பி.எஸ்.என். ப்ரீரெக்விசிட் முடித்திருந்தால் 12 முதல் 18 மாதம். போட்டி கடுமை, வகுப்பு நெருக்கம், படிக்கும்போது வேலை பார்க்க முடியாது. ஆனால் தனியாரின் வேகமும் அரசுக் கட்டணமும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் அதுதான். கம்யூனிட்டி காலேஜில் முடித்த அதே அனாடமி, மைக்ரோ இதற்கும் பயன்படும். ஆகவே எந்த முடிவுக்கு வந்தாலும் முதல் இரண்டு செமஸ்டரை அங்கே தொடங்குவதில் நஷ்டமில்லை.

## கையெழுத்துக்கு முன்

மாநில நர்சிங் போர்டு இணையதளத்தில் அந்தப் பள்ளியின் என்கிளெக்ஸ் தேர்ச்சியை ஐந்து ஆண்டுக்கு எடுங்கள். எச்சரிக்கை நிலையில் இருக்கிறதா என்றும் அங்கேயே தெரியும். கலிஃபோர்னியாவில் தேர்ச்சி 75 சதவீதத்துக்குக் கீழே போனால் போர்டு கேள்வி கேட்கும். தேர்வு எழுதியவர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கை பெரிதாக இருந்து எழுதியவர் சிறிதாக இருந்தால் இடையில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். பிறகு பள்ளியிடம் கேளுங்கள்: சேர்ந்த பேட்சில் குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை, வெளியேறும் தேர்வு உண்டா, தோற்றால் என்ன, பாடத்தைத் திரும்ப எடுக்க என்ன கட்டணம். பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தை நீங்களே அழைத்து அந்தப் பள்ளியின் கிரெடிட்டை ஏற்பார்களா என்று கேளுங்கள். பள்ளி சொல்லும் பதில் இதற்குப் போதாது.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். "இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இடம்" என்பது விற்பனைப் பேச்சு. கலிஃபோர்னியாவில் தனியார் கல்வி மேற்பார்வைப் பிரிவான பி.பி.பி.இ.யின் கீழ் வரும் பள்ளிகளில், முதல் வகுப்பு நாள் அல்லது சேர்ந்த ஏழாம் நாள், எது பின்னால் வருகிறதோ அதுவரை ரத்து செய்து கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். 60 சதவீதம் வரை படித்து விலகினால் படிக்காத பகுதிக்கு விகிதப்படி பணம் திரும்பும். பல்கலைக்கழக வகை அங்கீகாரம் உள்ள சில பள்ளிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றில் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தேதிதான் சட்டம். அந்தத் தேதியை மஞ்சள் மையில் குறித்து வையுங்கள்.